மொழிநடைக்கு 20 மதிப்பெண்: கதைப் போட்டியில் ஜோடனை ஜெயிப்பது எப்படி

நூலக வாசகர் வட்டமோ கல்லூரித் தமிழ் மன்றமோ நடத்தும் சிறுகதைப் போட்டிக்கு 80 கதைகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 1,500 சொல். ஒரு கதையை நிதானமாக வாசித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, மதிப்பெண் போட 12 நிமிடமாவது பிடிக்கும். 80 கதைக்கு 16 மணி நேரம். நடுவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். விழாவுக்கு முந்தைய சனி, ஞாயிறில்தான் கதைக் கட்டைப் பிரிப்பார்கள். ஏழு கதை சப்பென்று போன பிறகு எட்டாவது கதை இப்படித் தொடங்குகிறது:

"நிசப்தத்தின் நிர்வாணத்தில் அவனது இருத்தலின் விளிம்புகள் மெல்லக் கசிந்துகொண்டிருந்தன. காலத்தின் கருவறைக்குள் கரையாத கேள்வியொன்று கனன்றது."

நடுவர் நிமிர்ந்து உட்காருகிறார். 'எழுதத் தெரிந்தவர்' என்று தோன்றுகிறது. மொழிநடைக் கட்டத்தில் 20-க்கு 17 விழுகிறது. கதையில் நடந்தது என்னவோ, ஒருவன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அதே கட்டில், அதே நிலைமையை வேறொருவர் எழுதியிருக்கிறார்:

"கடைசி பஸ் போனதும் டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார். அவன் எழுந்து நின்றுகொண்டான்."

இதற்கு 11. 'நடை சாதாரணம்' என்று ஓரத்தில் குறிப்பு.

இரண்டும் இந்தக் கட்டுரைக்காக எழுதிய உதாரணங்கள்தான். ஆனால் கதைக் கட்டு பிரித்துப் பழகியவர்களுக்கு இரண்டுமே தெரிந்த முகம். இரண்டாவது எழுத்தாளர் பெஞ்சைப் பார்த்திருக்கிறார். உட்கார இடம் போன பிறகு அவன் என்ன செய்வான் என்று யோசித்திருக்கிறார். முதலாமவர் எதையும் பார்க்கவில்லை. பார்க்காததை மறைக்கிற வேலையைச் சொற்கள் செய்கின்றன. இந்த வெற்று அலங்காரத்தைத்தான் ஜோடனை என்கிறேன்.

ஜோடனையை இனம்காண்பதில் நடக்கும் பெரிய பிழை, அதைக் கடினச் சொல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது. தறிக்குழியில் நடக்கும் கதையில் பாவு, ஊடை, நாடா, அச்சு என்று வரிசையாக வரும். பாதி நடுவர்களுக்குப் புரியாது. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் நெசவை நிறுத்தி முடிச்சுப் போட்டாக வேண்டும் என்பது கதைக்குத் தேவைப்பட்டால், 'பாவு' என்ற சொல்லுக்கு மாற்றுக் கிடையாது. அங்கே நடுவர் அகராதியைப் புரட்டட்டும். 'அவள் மனசு' என்று சொன்னால் தீர்ந்துபோகிற இடத்தில் 'அவளது உள்ளுணர்வின் ஆழ்தளம்' என்று வந்தால், ஒவ்வொன்றும் தெரிந்த சொல்தான், ஆனாலும் வாக்கியம் ஜோடனை. சொல் எவ்வளவு பெரிதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது, காட்சி எவ்வளவு தந்திருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் எவ்வளவு அடர்ந்த நடையும் குற்றமில்லை. நீள வாக்கியமும் குற்றமில்லை.

தமிழ்க் கதைக் கட்டுகளில் இது சில வேஷங்களில் திரும்பத் திரும்ப வரும். எளிதில் பிடிபடுவது மேடைத் தமிழ். "கண்களில் கனவு, கைகளில் கனல், கால்களில் காயம்" என்று ஒரு வரி. மோனை வேண்டும் என்பதற்காக மட்டுமே காலில் காயம் பட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் அந்த ஆள் ஓடுகிறான். இந்த வகையைப் பிடிக்க, அடுக்கில் மூன்றாவதாக வரும் உருப்படியைப் பாருங்கள். முதல் இரண்டும் கதையிலிருந்து வந்திருக்கும், மூன்றாவது ஓசையிலிருந்து வந்திருக்கும்.

அடுத்தது சிறுபத்திரிகை வேஷம். வெறுமை, சூன்யம், இருப்பு, பிரக்ஞை, மௌனத்தின் இரைச்சல், நினைவின் சாம்பல். இதற்குப் பென்சில் போதும். ஒரு பக்கத்தில் பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லோடு கோக்கும் 'இன்' எத்தனை என்று சுழியுங்கள். 'வீட்டின் கதவு' கணக்கில் சேராது. தொட முடியாத ஒன்றை இன்னொன்றோடு கட்டும் 'இன்' மட்டும்தான் கணக்கு. பக்கத்துக்கு ஒன்று இரண்டு இருந்தால் விட்டுவிடலாம். ஏழெட்டு இருந்தால், எழுதியவர் காட்சியை விட்டு எழுந்து போய் வெகு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். மேலே காட்டிய உதாரணத்தின் இரண்டு வாக்கியங்களிலேயே மூன்று இருக்கின்றன.

வட்டார வழக்கு வேஷத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். காரணம், மண்வாசனை என்றாலே நடுவர்களுக்கு ஒரு மயக்கம். 'ஏலே' என்று பேரனைக் கூப்பிடுகிற பாட்டி, பத்து வரி தள்ளி 'சாப்பிட்டுட்டனுங்க' என்கிறாள். நெல்லையும் கோவையும் ஒரே வாயில். நிஜமான பேச்சில் ஊர்ச்சொல் வாக்கியத்துக்குள் கரைந்து கிடக்கும். காட்டுவதற்காக வைத்த சொல் முன்னால் வந்து நின்றுகொள்ளும், கூடவே அடிக்குறிப்பில் அருஞ்சொற்பொருளும் வரும். சந்தேகம் வந்தால் அந்த வட்டாரத்துக்காரர் ஒருவரிடம் உரையாடல் உள்ள பக்கத்தை மட்டும் கொடுத்து, சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நாக்கு இடறுகிற இடம் தானே தெரியும்.

கால் சென்டர் கதைக்குள் 'ஞாயிறு மேற்றிசை சாய்ந்த ஏல்வை' என்று செய்யுள் தமிழ் வருவது இன்னொரு வகை. கதைக்கு மேலே ஐரோப்பியத் தத்துவவாதியின் மேற்கோளை ஒட்டி அனுப்புவது மற்றொன்று. இந்த மேற்கோளைக் கையால் மூடிவிட்டு வாசித்தால் போதும், நடுவருக்கு வேறு வேலை இல்லை.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து. முன்னுரை, முடிவுரை, நடுவில் உபதலைப்புகள், உபதலைப்புக்கு ஒரு பாட்டு வரி என்று எழுதினால்தான் மதிப்பெண். பேச்சுப் போட்டியில் மூச்சு விடாமல் அடுக்கினால்தான் கைதட்டல். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படிப் பழகிய ஒருவர் முதல் கதையை எழுத உட்காரும்போது, கைக்குத் தெரிந்ததைத்தான் கை செய்கிறது. பெரும்பாலான ஜோடனைக்குப் பின்னால் ஏமாற்றும் எண்ணம் கிடையாது, உழைப்பு இருக்கிறது. நடுவர் இதை நினைவில் வைத்திருந்தால் கோபம் குறையும், மதிப்பெண்ணிலும் நிதானம் வரும்.

இந்தக் குற்றங்களுக்கு நம்மிடம் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் பத்துக் குற்றம், பத்து அழகு என்று இரண்டு சூத்திரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவை நூல் எழுதுகிறவர்களுக்குச் சொன்னவை, கதைக்குச் சொன்னவை இல்லை. பத்தையும் அப்படியே கதைமேல் போட்டால் நல்ல கதைகளும் தப்பாது. 'குன்றக் கூறல்' நூலுக்குக் குற்றம், சிறுகதைக்கு அதுதான் பல நேரம் பலம். ஆனால் நான்கு குற்றங்கள் ஜோடனைக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை. சொற்களைக் கோத்துக்கொண்டே போய் உள்ளே பொருள் இல்லாமல் விடுவது 'வெற்றெனத் தொடுத்தல்'. இதுவா அதுவா என்று வாசகரைத் திணற விடுவது 'மயங்க வைத்தல்'. வரி அங்கே நிற்கிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றால் 'நின்று பயனின்மை'. ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது 'சென்று தேய்ந்து இறுதல்'. நடுவர் குழுவில் 'எனக்கென்னமோ ஒட்டவில்லை' என்று சொல்வதைவிட, 'முதல் பத்தி வெற்றெனத் தொடுத்தல், 2ஆம் பக்கத்து மழை வர்ணனை நின்று பயனின்மை' என்று சொன்னால் பேச்சு வரியைப் பற்றியதாக மாறுகிறது. பத்து அழகில் 'விளங்க வைத்தல்', 'ஆழமுடைத்தாதல்' இரண்டும் இருக்கின்றன என்பதையும் கவனிக்கலாம். புரிந்தால் ஆழமில்லை என்று வாதாடுகிற நடுவருக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

'சென்று தேய்ந்து இறுதல்' நடுவருக்கு ஒரு நல்ல குறுக்குவழியையும் காட்டுகிறது. ஜோடனைக் கதைகளில் முதல் பக்கத்துக்குத்தான் முழு மேக்கப். மூன்றாம் பக்கம் வரும்போது எழுதியவருக்கே அலுத்துப்போய், நேரடியாகச் சொல்ல ஆரம்பிப்பார். சில கதைகளில் அந்தப் பக்கம் முதல் பக்கத்தைவிட நன்றாக இருக்கும்! ஆகவே முதல் வாசிப்பு முடிந்து சந்தேகம் உள்ள கதைகளை மறுபடி எடுக்கும்போது மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே உயிர் இருந்தால் கதை பிழைக்கும். அங்கேயும் 'காலத்தின் கருவறை'தான் என்றால் சந்தேகம் தீர்ந்தது.

தவறாக வந்து விழுந்த சொல்லும் நம்பகமான தடயம். 'வழூஉச் சொல் புணர்த்தல்' என்று நன்னூல் சொல்வது இதைத்தான். 'அவன் யதார்த்தமாகத் திரும்பிப் பார்த்தான்' என்று கதைசொல்லி எழுதுகிறார். அவர் சொல்ல வந்தது 'யதேச்சையாக'. உரையாடலில் ஒரு பாத்திரம் 'எதார்த்தமா பாத்தேன்' என்றால் குற்றமில்லை, ஊரே அப்படித்தான் பேசுகிறது. நாலு வரிக்கு முன்னால் 'பிரக்ஞை', 'சூட்சுமம்' என்று உயரத்தில் நின்றிருந்த கதைசொல்லி இங்கே தடுக்கி விழுவதுதான் விஷயம். தன் புழக்கத்தில் இல்லாத சொற்களை இரவல் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு பிழையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது; மூன்று இருந்தால் சொல்லலாம்.

வரி அளவில் செய்து பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, வரியைப் பிடுங்கி வேறு கதையில் நட்டுப் பார்ப்பது. 'நிசப்தத்தின் நிர்வாணத்தில்' என்ற வரியை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும் தாயின் கதையில் வைக்கலாம், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கதையில் வைக்கலாம், எங்கேயும் கச்சிதமாக உட்காரும். எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற சாவி எந்த வீட்டுக்கும் செய்ததில்லை. பெஞ்சு வரியை அப்படி நட முடியாது. மற்றது, இது யாருடைய கண் என்று கேட்பது. பத்து வயது ஆடு மேய்க்கும் பையன் வழியாக வரும் கதையில் 'வாழ்வின் அபத்தம்' எப்படி நுழைந்தது? பையனுக்கு ஆட்டின் குளம்பில் முள் தெரியும். அபத்தம் தெரிந்தது எழுத்தாளருக்கு.

வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். உரையாடலுக்கு அது நல்லதுதான். அடுக்குமொழிக்கு நேர் எதிராக வேலை செய்யும்: வாசிக்க வாசிக்க இனிக்கும். ஓசையில் ஏமாறுகிற காதை வைத்து ஓசையைச் சோதிக்க முடியாது.

இங்கே ஒரு விதிவிலக்கு. பாத்திரமே ஜோடனைக்காரராக இருக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காய்கறி வாங்கும்போதும் 'கத்தரியின் செம்மை காண்' என்கிறார்; கடைக்காரப் பெண் 'கிலோ நாப்பது சார்' என்கிறாள். அந்தப் பதில் கதையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நடையின் பகட்டு எழுத்தாளருக்குத் தெரிந்தே வந்திருக்கிறது. கதையில் ஒருவர்கூட, ஒரு பொருள்கூட எதிர்த்துப் பேசவில்லை என்றால் பகட்டு எழுத்தாளருடையது.

இவ்வளவும் தெரிந்த நடுவர்கள் இருந்தும் ஜோடனைக்குப் பரிசு போவது ஏன்? மதிப்பெண் தாளைப் பாருங்கள். உதாரணமாக இப்படி இருக்கலாம்: கரு 25, அமைப்பு 20, பாத்திரப் படைப்பு 15, மொழிநடை 20, சமூகச் செய்தி 20. இதில் கடைசி இரண்டும் சேர்ந்து 40. 'மொழிநடை' என்று தனிக் கட்டம் இருந்தால் கை தானாகக் கண்ணில் படுகிற நடைக்கு மதிப்பெண் போடும். கண்ணில் படாமல் வேலை செய்கிற நடைக்குப் போடாது. 'சமூகச் செய்தி' என்று கட்டம் இருந்தால் கடைசிப் பத்தியில் பிரசங்கம் வரும். கட்டத்தைப் போட்டுவிட்டுப் பிரசங்கம் வருகிறதே என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

மாற்று எளிது. 'சமூகச் செய்தி'யை எடுத்துவிடுங்கள். 'மொழிநடை'யைப் பிரித்து 'சொல்லின் துல்லியம்' 15, 'உரையாடல்' 10 என்று வையுங்கள். மீதி 75-ஐ நிகழ்வும் அதன் விளைவும், பாத்திரங்கள், அமைப்பு என்று மூன்று 25-ஆகப் பங்கிடலாம். 'துல்லியம்' என்று எழுதியிருந்தால், 17 போடும் முன் நடுவர் 'எது துல்லியம்?' என்று ஒரு வரியையாவது தேட வேண்டியிருக்கும். 'செயற்கை நடைக்கு 10 மதிப்பெண் கழிவு' என்று விதி வைக்கத் தோன்றலாம். அது வேண்டாம். ஜோடனை ஏற்கெனவே பாத்திரத்தையும் நிகழ்வையும் மங்கடித்து அங்கே மதிப்பெண்ணைக் குறைத்திருக்கும். மறுபடி கழித்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. தவிர, கழிவுக்குப் பயந்து எல்லாரும் தட்டையாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட்டல் கணக்கும் ஜோடனைக்குச் சாதகம். மூன்று நடுவர்கள். ஒருவர் 40 முதல் 90 வரை தாராளமாக ஏறி இறங்குகிறவர். மற்ற இருவரும் 65-க்கும் 78-க்கும் நடுவிலேயே நடமாடுகிறவர்கள். 7ஆம் எண் கதைக்கு முதலாமவர் 88, மற்றவர்கள் 70, 70. மொத்தம் 228. 12ஆம் எண் கதைக்கு முதலாமவர் 70, மற்றவர்கள் 76, 75. மொத்தம் 221. மூன்று பேரில் இருவர் 12-ஐத்தான் மேலே வைத்தார்கள், ஆனால் 7 ஜெயித்தது. பளிச்சென்ற நடை ஒரே ஒரு நடுவரைப் பரவசப்படுத்தினால் போதும் என்பது இப்படித்தான். கடைசிப் பத்துக் கதைக்கு மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொருவரையும் 1 முதல் 10 வரை வரிசை எழுதச் சொல்லி, வரிசை எண்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டல் முதலில். இந்த இரண்டு கதையை மட்டும் எடுத்தால் 7-க்கு 1+2+2=5, 12-க்கு 2+1+1=4. முடிவு திரும்பிவிட்டது.

வாசிக்கும் ஒழுங்கும் முக்கியம். ஓர் அமர்வில் எட்டு, பத்துக் கதைக்கு மேல் வேண்டாம். மூன்று நடுவருக்கும் கட்டை வெவ்வேறு வரிசையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏழு சப்பைக் கதைக்குப் பின் வந்த எட்டாவது கதை மூவருக்குமே விடிவெள்ளியாகத் தெரியும். தொடங்கும் முன் ஐந்து கதைகளை மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒப்பிடுங்கள், ஒரு மணி நேரம் போதும். பேர் தனித்தாளில், கதையில் எண் மட்டும். இறுதிக் கூட்டத்தில் பேச்சு தொடங்கும் முன்னே எல்லாரும் வரிசையைத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட வேண்டும். மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். பெரியவர் முதலில் 'இது வேற லெவல் எழுத்து' என்று சொல்லிவிட்டால், தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொல்லும் தைரியம் இளைய நடுவருக்கு வராது. புரியாததைப் பாராட்டிவிடுவது எப்போதும் பத்திரமான வழி. அதை முறிக்க ஒரு விதி: ஒரு கதைக்காக வாதாடுகிறவர், அதில் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத்தான் வாதத்தைத் தொடங்கலாம்.

இப்போது சாட்ஜிபிடி எழுதிய கதைகளும் கட்டில் இருக்கின்றன. அவற்றிலும் இதே இடைவெளிதான், வேறு சாயலில்: 'அது வெறும் வீடு அல்ல, ஒரு உணர்வு' என்கிற வார்ப்பு, மூன்று மூன்றாக வரும் அடைமொழி, பத்திக்குப் பத்தி முடிவில் ஒரு பொன்மொழி. ஆனால் பள்ளிக் கட்டுரையில் ஊறிய மனிதரும் அப்படியே எழுதுவார் என்பதால், இதை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. விதிமுறையில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, மதிப்பீட்டில் எழுத்தை மட்டும் பாருங்கள். மனிதர் எழுதியிருந்தாலும் இயந்திரம் எழுதியிருந்தாலும் பார்க்காத பெஞ்சு பார்க்காத பெஞ்சுதான்.

பரிசு கிடைக்காதவர்களுக்கு நாலு வரிக் குறிப்பு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அதில் 'செயற்கை', 'பாசாங்கு' என்ற சொற்கள் வேண்டாம். அவை ஆளைக் குறை சொல்கின்றன, எந்த வரி என்று காட்டுவதில்லை. '3ஆம் பக்கத்தில் டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டும் இடம் நன்றாக இருக்கிறது. 1ஆம் பக்கம் முதல் பத்தி: அவன் அப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறான், எதிரே என்ன இருக்கிறது?' என்று எழுதினால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும்.

விழாவில் முதல் பரிசுக் கதையிலிருந்து ஐந்து வரியை வாசித்து, எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று அந்த வரிகளை வைத்தே சொல்லுங்கள். அடுத்த வருஷம் எழுதப் போகிறவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எது ஜெயிக்கிறது என்று பார்த்துத்தான் எழுதுவார்கள். இதைச் சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அவர் அடுக்குமொழியில் இறங்கி முக்கால் மணி நேரம் கழித்து மைக்கை விடும்போது பாதி நாற்காலி காலியாகியிருக்கும்.